சிட்னிக் குளிருக்கு நீச்சல் தடாகத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன்னர் தங்கள் பத்திரிகையின் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் நீச்சல் தடாகம் பற்றி வெளியான குறிப்பை வாசித்தேன். மே மாதக் கடைசியில் பம்பை நிறுத்தி, தடாகத்தின் மேல் ஒரு விரிப்பைப் போட்டுவிட்டு, ஒக்டோபரில் திறந்தால் போதும், நான்கு மாத மின்கட்டணமும் மருந்துச் செலவும் மிச்சம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவரின் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் இதே ஆலோசனையைக் கேட்டு ஒரு குளிர்காலத்தில் தடாகத்தைக் கெடுத்து, வசந்தத்தில் அதற்குத் தண்டம் கட்டியவன் என்பதால், சிட்னியில் வசிக்கும் வாசகர்கள் அதை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எனக்கு அந்த ஆலோசனை தொரொன்ரோவில் இருக்கும் என் மைத்துனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. அவர் சொன்னது அவருடைய ஊருக்கு முற்றிலும் சரி. அங்கே தடாகத் தண்ணீர் பனிக்கட்டியாக உறையும் என்பதால் நீர்மட்டத்தை இறக்கி, குழாய்களுக்குள் காற்றை ஊதி ஈரத்தை வெளியேற்றி, எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, மே மாதம்தான் திறக்கிறார்கள். உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் பாசி பெரிதாக வளராது. சிட்னியின் கதை வேறு. ஜூலையில்கூட பகல் வெப்பநிலை 16, 17 பாகை செல்சியஸ் வரை ஏறுகிறது. சூடேற்றாத தடாகத்துத் தண்ணீர் 11 பாகைக்கும் 14 பாகைக்கும் இடையில் நிற்கிறது. அந்தக் குளிரில் பாசி மந்தமாகுமே தவிர மடிந்துவிடாது. ஓகஸ்ட் கடைசியில் நான்கு நாள் வெயில் தொடர்ந்து அடித்தால் அது விழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நம்முடைய பம்ப் நின்றிருக்கிறது, குளோரின் பூச்சியம், மேலே விரிப்பு, யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

என் தடாகம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீற்றர். ஆகவே ஏறத்தாழ 45,000 லீற்றர் கொள்ளும். சிமெந்தில் கட்டி உள்ளே சிறு கூழாங்கல் பதித்த பூச்சு. உப்பு நீரிலிருந்து மின்சாரத்தால் குளோரினை உண்டாக்கும் குளோரினேட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. இங்கே பல வீடுகளில் இதுவே வழக்கம். கணக்குக்கு வசதியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லீற்றரில் ஒரு மில்லிகிராம் என்பதைத்தான் 1 பிபிஎம் என்கிறோம். என் தடாகத்தில் எதையும் 1 பிபிஎம் உயர்த்த 45 கிராம் வேண்டும். தங்கள் தடாகத்தின் கொள்ளளவை இப்படிக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி பம்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால், கடைக்காரர் சொல்லும் அளவை நம்பியிருக்க வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

இந்த வீட்டுக்கு வந்து முதல் குளிர்காலம் 2021. ஜூன் மாதத்தில் ஒரு காலை, புல்லில் வெள்ளைப் பனி படிந்திருந்தது, குளோரினேட்டரில் 'உப்புக் குறைவு' என்ற சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. நான் உடனே கடைக்குப் போய் 20 கிலோ மூட்டைகள் மூன்று வாங்கிவந்து கொட்டினேன். விளக்கு அணைந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். நவம்பரில் தண்ணீர் சூடேறியதும் அதே இயந்திரம் 'உப்பு மிகை' என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டது. கடைசியில் தடாகத்தின் நான்கில் ஒரு பங்குத் தண்ணீரைச் சாக்கடைக்குள் விட்டு, புதுத் தண்ணீர் நிரப்பித்தான் அதைச் சமாதானப்படுத்த முடிந்தது.

நடந்தது இதுதான். இத்தகைய இயந்திரங்கள் உப்பை நேரடியாக எடைபோட்டுப் பார்ப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து உப்பின் அளவை ஊகிக்கின்றன. தண்ணீர் ஒரு பாகை குளிர்ந்தால் அதன் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது. 25 பாகையில் 4,500 பிபிஎம் என்று சரியாகக் காட்டும் இயந்திரம், வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத பழைய வகையாக இருந்தால், 12 பாகையில் அதே உப்பை 3,400 அளவில் காட்டி அலறும். உப்பு எங்கும் போகவில்லை. நான் கொட்டிய 60 கிலோ என் தடாகத்தில் 1,300 பிபிஎம்முக்கு மேல் ஏற்றிவிட்டது. உப்பு ஆவியாவதில்லை, வெயிலில் சிதைவதும் இல்லை. மழையால் நிரம்பி வழிந்தாலோ, வடிகட்டியைப் பின்னோட்டமாகக் கழுவினாலோதான் குறையும். எனவே குளிர்காலத்தில் அந்த விளக்கு எரிந்தால் மூட்டையைத் தூக்குவதற்கு முன் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து வீட்டுக்குள் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்தபின் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். பல குளோரினேட்டர்கள் தண்ணீர் 15 பாகைக்குக் கீழே போனால் தாமாகவே உற்பத்தியைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். அது பழுது அல்ல. குளிர்ந்த நீரில் குளோரினை உண்டாக்கும் தகடுகளை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் அவற்றின் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் வைத்த காவல். இதை எனக்கு உப்பு விற்ற கடையில் யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஆண்டுதான் மைத்துனரின் யோசனையைக் கேட்டு எல்லாவற்றையும் நிறுத்தினேன். 2022ஆம் ஆண்டை சிட்னிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 1950இல் பதிவான ஆண்டு மழைவீழ்ச்சிச் சாதனையை முறியடித்த ஆண்டு அது. ஜூலை மாதத்தில் மட்டும் நகர வானிலை நிலையத்தில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவானது. 400 மில்லிமீற்றர் மழை என் தடாகத்தின் 32 சதுர மீற்றர் பரப்பில் விழுந்தால் 12,800 லீற்றர். அதாவது மொத்தக் கொள்ளளவில் நான்கில் ஒன்றுக்கும் மேல். நான் போட்டிருந்தது இலை தடுக்கும் வலை விரிப்பு. இலை நின்றது, மழை உள்ளே இறங்கியது. மழைநீரில் குளோரினும் இல்லை, அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இருந்ததை எல்லாம் அது கரைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

செப்டெம்பர் நடுவில் விரிப்பைச் சுருட்டியபோது தண்ணீர் பசலிக்கீரை மசித்த நிறத்தில் இருந்தது. படிக்கட்டின் மூலையில் சோப்பு நுரை போல ஒரு மிதவை. தவளை முட்டை. இங்குள்ள சதுப்புத் தவளைகள் கவனிப்பாரற்ற தடாகங்களில் இப்படி நுரைக்கூடு கட்டி முட்டையிடும் என்று பின்னர் அறிந்தேன். இரவில் மேசையில் பந்து தட்டுவது போல 'டொக், டொக்' என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தத்துக்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது. மகள் அந்த நுரையை வாளியில் அள்ளிக்கொண்டுபோய் அருகில் உள்ள ஓடைக்கரைக் குட்டையில் விட்ட பின்னரே என்னை மருந்து போட விட்டாள்.

பச்சை நிறம் ஒரு பெரிய சிக்கல் அல்ல. குளோரினால் போகும். என்னைத் திணறடித்தது வேறு. 10 லீற்றர் திரவக் குளோரின் ஊற்றினேன். அதன் செறிவு 12.5 சதவீதம். கணக்குப்படி ஏறத்தாழ 28 பிபிஎம் ஏறியிருக்க வேண்டும். இருட்டிய பிறகு சோதித்துப் பார்த்தால் 1 பிபிஎம் கூட இல்லை. மறுநாளும் அப்படியே. கசியும் கலயத்தில் தண்ணீர் ஊற்றுவது போலிருந்தது. ஆறு நாட்களில் 40 லீற்றருக்கு மேல் விழுங்கிய பின்புதான் குளோரின் தங்கத் தொடங்கியது. காரணம் ஸ்டெபிலைசர் என்று நாம் சொல்லும் சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கப் போடும் அந்தப் பொருள், குளோரின் இல்லாத தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தால் சிலவகைப் பற்றீரியாக்களுக்கு உணவாகி, கடைசியில் அமோனியாவாக மாறிவிடக்கூடியது. அமோனியாவில் உள்ள ஒரு பங்கு நைதரசனை ஒழிக்க எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் தேவை. மே மாதம் 45 பிபிஎம் இருந்த என் ஸ்டெபிலைசர், செப்டெம்பரில் சோதனைக் குழாயில் அடையாளமே காட்டவில்லை. மழை அதில் ஒரு பங்கைத்தான் கொண்டுபோயிருக்க முடியும். மிச்சம் என் குளோரினைக் குடித்துக்கொண்டிருந்தது.

தங்கள் பத்திரிகைக் குறிப்பில் சொல்லப்பட்ட மிச்சத்தையும் ஒருமுறை கணக்குப் பார்க்கலாம். ஒரு கிலோவாட் பம்பைக் கோடையில் ஓடும் 8 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைத்தால் நாளொன்றுக்கு 5 அலகு மின்சாரம் மிச்சம். நான்கு மாதத்தில், அதாவது 120 நாளில், 600 அலகு. முழுவதும் நிறுத்துவதால் இதற்கு மேல் கிடைப்பது 360 அலகுதான். அந்த 360 அலகின் விலையை, 40 லீற்றர் குளோரினும், புதிதாகப் போட்ட ஸ்டெபிலைசரும், இரண்டு தடவை கழுவிய வடிகட்டியும் ஒரே வாரத்தில் தின்றுவிட்டன. வேகத்தை மாற்றக்கூடிய புதுவகைப் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இலகு. வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறையும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் நண்பகல் 11 மணியிலிருந்து 2 மணிவரை ஓட விடுங்கள். அப்போது தண்ணீரும் சற்றே சூடாக இருக்கும், குளோரினேட்டரும் முரண்டு பிடிக்காது.

குளிர்காலத்தில் குளோரின் மிகக் குறைவாகவே செலவாகிறது. சிட்னியில் டிசம்பர், ஜனவரியில் 11ஐத் தாண்டும் புறஊதாச் சுட்டெண், ஜூனில் 2 அல்லது 3 அளவுக்கு இறங்கிவிடுகிறது. குளிப்பவர்களும் இல்லை. கோடையில் ஒரு நாளில் போகும் குளோரின் இப்போது ஒரு வாரத்துக்கு வருகிறது. அதற்காக அளவையே கைவிட்டுவிடக் கூடாது. எவ்வளவு குளோரின் வேண்டும் என்பதை ஸ்டெபிலைசரின் அளவோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்டெபிலைசரின் அளவில் 7.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40 பிபிஎம் ஸ்டெபிலைசர் உள்ள தடாகத்தில் 3 பிபிஎம் குளோரின் நிற்க வேண்டும். குளோரினேட்டர் குளிரில் ஓய்வெடுக்கும் வாரங்களில் நான் சனிக்கிழமை மாலையில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது 700 மில்லிலீற்றர் திரவக் குளோரினைத் தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கு அருகில் மெதுவாக ஊற்றுகிறேன். அது என் தடாகத்தில் ஏறத்தாழ 2 பிபிஎம். வேலை ஐந்து நிமிடம். மிதவையில் போடும் குளோரின் வில்லைகளைச் சிலர் விரும்புகிறார்கள். ஊருக்குப் போகும் நாட்களில் அவை உதவும்தான். ஆனால் அவை குளிர்ந்த நீரில் மிக மெதுவாகக் கரையும், தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை இறக்கும், 10 பிபிஎம் குளோரினோடு 6 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் தண்ணீரில் கூட்டிவிடும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி, தங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இடம்பெறாத விடயத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் சிட்னிக் குளிர்காலத்தில் தடாகத்துக்கு வரும் உண்மையான கெடுதல் பாசியால் அல்ல, பசித்த தண்ணீரால்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்து வளர்ந்தவன். சுண்ணாம்புக் கல்லுக்குள் தோண்டிய கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் சில கிழமைகளில் அடியில் வெள்ளைப் படை பிடித்துவிடும். அம்மா தேசிக்காய்ப் புளி விட்டு அதைச் சுரண்டுவார். எங்கள் தண்ணீர் சுண்ணாம்பை உண்டு நிறைந்த தண்ணீர். அதனால் மிகுதியைக் கக்கியது. சிட்னிக் குழாய்த் தண்ணீர் இதற்கு நேர் எதிர். அது மென்னீர். இங்கே வாங்கிய கேத்தில் பல ஆண்டுகள் கழிந்தும் உள்ளே பளபளவென்று இருக்கிறது. தேநீருக்கு அது நல்லது. சிமெந்துப் பூச்சுள்ள தடாகத்துக்கு நல்லதல்ல. சுண்ணாம்பு போதாத தண்ணீர் தனக்குத் தேவையானதைத் தடாகத்தின் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் குளிரக் குளிர இந்தப் பசி கூடுகிறது. ஏனெனில் சீனியைப் போலல்லாமல் சுண்ணாம்பு சூடான நீரைவிடக் குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரையும். கேத்திலில் படை பிடிப்பதும் தடாகச் சுவர் அரிபடுவதும் ஒரே விதியின் இரண்டு பக்கங்கள்.

இந்தப் பசியை அளக்க ஒரு சுட்டெண் இருக்கிறது. 1936இல் லாங்கலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நகரக் குடிநீர்க் குழாய்களைக் காப்பதற்காக வகுத்தது. பிஎச், வெப்பநிலை, காரத்தன்மை, சுண்ணாம்பின் அளவு, கரைந்துள்ள உப்பு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, விடை பூச்சியத்தை ஒட்டி வந்தால் தண்ணீர் நிறைவாக இருக்கிறது என்றும், பூச்சியத்துக்குக் கீழே போனால் பசித்திருக்கிறது என்றும் கொள்வார்கள். மற்ற எதையும் மாற்றாமல் தண்ணீர் 28 பாகையிலிருந்து 12 பாகைக்கு இறங்கினால் மட்டும் இந்தச் சுட்டெண் ஏறத்தாழ 0.4 குறைகிறது. ஜனவரியில் தடாக மருந்து விற்கும் கடையின் கணினி 'எல்லாம் சரி' என்று அச்சிட்டுத் தந்த அதே தண்ணீர், ஜூலையில் சுவரைத் தின்னத் தொடங்கும். என் தடாகத்தில் இரண்டாவது படியில் காலை வைத்தால் மணல்தாளில் வைப்பது போல உறுத்தும். கூழாங்கற்களைப் பிடித்திருந்த சிமெந்து அரிபட்டு, கற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பேரனின் பாதம் அதில் உரசிச் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் இந்தக் கணக்கையே நான் படித்தேன். அரிபட்ட பூச்சை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

தடுப்பது இலகு. மே மாதத்தில், தண்ணீர் முற்றாகக் குளிர்வதற்கு முன், சுண்ணாம்பின் அளவைச் சோதித்து, அது 100ஐ ஒட்டி இருந்தால் கல்சியம் குளோரைட்டு போட்டு 250 பிபிஎம் அளவுக்கு உயர்த்திவிடுவேன். என் தடாகத்தில் 100 பிபிஎம் ஏற்ற, நீரற்ற கல்சியம் குளோரைட்டு ஏறத்தாழ 5 கிலோ தேவை. வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கும்போது அது குளிர்ந்த காலையிலும் வாளியின் விளிம்பு வரை சூடேறும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடுமோ என்று முதல் முறை நான் பயந்தேன். எனவே தூளின் மேல் தண்ணீரை ஊற்றாமல், நிறையத் தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாக இட வேண்டும். காரத்தன்மை மழையால் 60க்குக் கீழே போயிருந்தால் சமையல் சோடா போதும். 750 கிராம் போட்டால் என் தடாகத்தில் 10 பிபிஎம் ஏறும். கோடையில் 7.4ஐ ஒட்டி வைத்திருக்கும் பிஎச் அளவைக் குளிர்காலத்தில் 7.6 முதல் 7.8 வரை ஏற விட்டுவிடுகிறேன். பிஎச் ஏறினால் குளோரினின் வீரியம் ஓரளவு குறையும் என்பது உண்மையே. ஆனால் குளிக்காத, குளிர்ந்த தடாகத்தில் அந்த வீரியத்துக்கு இப்போது பெரிய வேலை இல்லை, சுவருக்குத்தான் பாதுகாப்பு வேண்டும். கோடைப் பழக்கத்தில் வாராவாரம் அமிலம் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, அளந்து பார்த்து 7.8ஐத் தாண்டினாலொழிய, அந்தப் போத்தலைத் தொட வேண்டியதில்லை. கண்ணாடியிழைத் தடாகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுண்ணாம்புக் கவலை மிகக் குறைவு.

அமிலத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அமிலத்தையும் திரவக் குளோரினையும் ஒரே தட்டில், ஒரே கொட்டகைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரு வாளிக்குள் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். வில்லைக் குளோரினும் தூள் குளோரினும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். ஒன்றுக்குப் பயன்படுத்திய அளவுக் கோப்பையை மற்றதற்குப் பயன்படுத்தாமல் தனித்தனியே வைத்திருப்பதே நல்லது.

விரிப்புப் போடுவதில் தவறில்லை. வெயிலையும் இலையையும் தடுக்கும். ஆனால் குளோரினேட்டர் ஓடிக்கொண்டிருக்கும் தடாகத்தில் முழு விரிப்புப் போட்டால் வெயில் படாத குளோரின் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். உற்பத்தியைப் பத்து, இருபது சதவீதத்துக்கு இறக்கி வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை விரிப்பைச் சில மணி நேரம் விலக்கித் தண்ணீரைக் காற்றாட விடுவதும் என் வழக்கம். விரிப்பு இருக்கிறதே என்று வேலிக் கதவைத் திறந்து வைப்பது மட்டும் கூடாது. நியூ சவுத் வேல்ஸ் சட்டம் கேட்கும் 1.2 மீற்றர் உயர வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் குளிர்காலத்துக்கும் சேர்த்துத்தான். விரிப்பின் மேல் நடக்கலாம் என்று ஒரு குழந்தை நினைத்துவிடும். ஜக்கரண்டா மரம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இலைக்காலம் மே மாதத்தில் முடிவதில்லை. அது ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும்தான் இலை கொட்டும். அந்தப் பொடி இலைகள், மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையின் கண்களுக்குள் நழுவி பம்பின் கூடையை அடைத்துவிடும். என் பக்கத்து வீட்டு மரம் எனக்கு இதை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. நிறம் மாறும் தாள் பட்டிகள் அவசரத்துக்கு உதவும். குளோரினுக்கும் பிஎச்சுக்கும் ஓரளவு நம்பலாம். ஸ்டெபிலைசர், சுண்ணாம்பு இரண்டுக்கும் துளி மருந்து விட்டுப் பார்க்கும் பெட்டியையே வாங்க வேண்டும். தண்ணீரை முழங்கை ஆழத்திலிருந்து எடுத்து, வீட்டுக்குள் வைத்து, குளிர் விட்ட பின் சோதிக்க வேண்டும். குளிர்ந்த நீரில் ஸ்டெபிலைசர் சோதனை பிழையான அளவைக் காட்டும். ஊரில் மாரி முடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குள் குளோரின் தூளைக் கரைத்துவிட்டுப் போவார். மூக்கைச் சுளித்துக்கொண்டு மணத்தைப் பார்த்து 'போதும்' என்பார் என் அப்பா. அவருக்குக் கிணறு அகப்பட்டது, எனக்குக் கணக்குப் புத்தகம் அகப்பட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக ஞாயிறு தோறும் ஒரு வரி எழுதி வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமையின் வரி இது: தண்ணீர் 13 பாகை, குளோரின் 3, பிஎச் 7.6, காரத்தன்மை 80, சுண்ணாம்பு 240, ஸ்டெபிலைசர் 40, பம்ப் 3 மணி நேரம்.

இப்போது ஜூன் நடுப்பகுதிதான் ஆகிறது. தங்கள் குறிப்பை வாசித்து ஏற்கெனவே பம்பை நிறுத்திவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை, தண்ணீர் இன்னும் தெளிவாகவே இருக்கும். இந்தச் சனிக்கிழமை கூடைகளைச் சுத்தம் செய்து பம்பை நண்பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஓட விட்டு, முதலில் பிஎச், காரத்தன்மை, சுண்ணாம்பு ஆகிய மூன்றையும் அளந்து, அதன்பின் மாலையில் குளோரினை 3 பிபிஎம் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். உப்பு விளக்கு மின்னினால் மூட்டை வாங்க வேண்டாம். அடுத்த இதழில் அந்தப் பகுதியை எழுதுபவரே இந்தத் திருத்தத்தை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், செப்டெம்பரில் என்னைப் போல வாளியோடு நிற்கப்போகும் சிலர் தப்புவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்,
மேற்குச் சிட்னி.